எக்ஸ்பயர்ட் என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

அன்று மாடி முழுக்க ஒரே கூச்சல். ‘அய்யய்யோ’ என்றாள் ஒருத்தி. ‘அடியாத்தி’ என்றாள் இன்னொருத்தி. மும்தாஜ் ‘யா அல்லாஹ்’ என்று இழுத்த இழுப்பில், கீழே துணிக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கட்டாயம் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

கவிதா மிஸ் எங்களை அடக்கவில்லை. அடக்க முடியாது, ஏனென்றால் கேட்டதே அவள்தான். இங்கிலீஷ் இலக்கணத்தில் சொற்கள் எட்டு வகை. அதில் கடைசி வகை இன்டர்ஜெக்ஷன். வியப்போ வலியோ பயமோ வந்தால் வாயிலிருந்து தானாக விழுகிற சொல். ‘உங்க வாயில என்னென்ன விழும், சொல்லுங்க பாப்போம்’ என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்ற முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மும்தாஜின் போன் அடித்தது. வெளிநாட்டு எண். அவள் கணவர் ரஃபீக் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஆனால் இது அவருடைய எண் இல்லை.

முக்காட்டுக்குள் போனை நுழைப்பது தொந்தரவு என்று அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அன்றும் அப்படித்தான் போட்டாள். அதனால் அந்தக் குரலை நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

“ஹலோ, சிஸ்டர்? ரஃபீக் ஹவுஸ்?”

யாரோ ஓர் ஆண். நம் பக்கத்துக் குரல் இல்லை. பின்னால் லாரிச் சத்தம்.

“யெஸ், யெஸ்” என்றாள் மும்தாஜ். படித்ததைப் பயன்படுத்த ஒரு வாய்ப்பு வந்ததில் முகமெல்லாம் சிரிப்பு.

“ரஃபீக் எக்ஸ்பயர்ட் பாஸ்போர்ட், சிஸ்டர். ஃப்ரைடே நோ கமிங். சாரி சிஸ்டர். வெரி சாரி.”

லைன் அறுந்துவிட்டது.

நம் ஊரில் எக்ஸ்பயர் என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து மெதுவாகச் சொல்வது அந்தச் சொல்லைத்தான். ‘மாமனார் எக்ஸ்பயர் ஆயிட்டாருங்க சார்’ என்றுதான் ஆபீஸில் லீவு கேட்கிறோம். செத்துவிட்டார் என்று தமிழில் சொல்ல வாய் வராதபோது நாம் எல்லோரும் போய் ஒளிந்துகொள்கிற இடம் அது.

மும்தாஜ் போனைப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்றுமுன் அந்த இழுப்பு இழுத்தவள். இப்போது எட்டாவது வகைச் சொல் ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

டீச்சர் மாணவியான கதை

அவளை அந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வேறு கதை பேசுவது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாடியில் நடந்ததைச் சொல்லாமல் மேற்கொண்டு நடந்தது புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில், பணி ஓய்வு அன்று எனக்குப் போட்ட மாலையின் கனத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வலங்கைமானில் பிறந்து, கூத்தாநல்லூருக்குத் தமிழாசிரியையாக வந்து, இங்கேயே தங்கிவிட்டவள் நான். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று அடுத்தவர் பிள்ளைகளைப் படுத்தி எடுத்தேன். ஓய்வு பெற்றதும் அந்தப் பாவம் என்னைத் தேடி வந்தது. மருமகள் உருவத்தில் வந்தது.

பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு வங்காளத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மௌமிதா. தங்கமான பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். ‘ஹவ் ஆர் யூ, மா?’ என்பாள். நான் ‘ஃபைன், ஃபைன்’ என்பேன். அடுத்த வாக்கியத்தை அவள் தொடங்குவதற்குள் போனை என் கணவர் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் அவள், ‘ஐ மிஸ் யூ, மா’ என்றாள். எனக்குத் தெரிந்த மிஸ் இரண்டுதான். ஒன்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூப்பிடுவது. இன்னொன்று, மன்னார்குடி பஸ்ஸைத் தவற விடுவது. இதில் நான் எந்த மிஸ் என்று தெரியாமல் ‘தேங்க்யூ’ என்றேன்.

கணவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. மறுநாளே, துணிக்கடை மாடியில் பெண்களுக்காகக் கவிதா நடத்துகிற இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

கவிதாவுக்கு என் மகனைவிட வயது குறைவு. எம்.ஏ. முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தவள். நான் உள்ளே நுழைந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க மேடம், யாரப் பாக்கணும்?” என்று எழுந்து நின்றாள். “உன்னைத்தான்மா. எனக்கும் சேத்து நடத்து” என்று கடைசி பெஞ்சுக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைசி பெஞ்சு. நல்ல காற்று வந்தது. இத்தனை காலமும் பிள்ளைகள் ஏன் அங்கே போக அடித்துக்கொண்டார்கள் என்று அன்று புரிந்தது.

வகுப்பில் எல்லோரும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பாடம் நடத்துகிறவள் மிஸ், பாடம் கேட்கிறவள் டீச்சர். இந்தக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

என் பக்கத்து இடம் மும்தாஜுக்கு. அவள் அங்கே வந்த காரணம் என் காரணத்தைவிட நல்ல காரணம். அவளுடைய இரண்டு பெண்களும் அவளுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்களாம். “என் சோத்தத் தின்னுட்டு என் முன்னாடியே ரகசியம் பேசுதுங்க டீச்சர். என்ன பேசுதுங்கன்னு கண்டுபுடிக்காம வுடமாட்டேன்” என்றாள்.

நாலும் எட்டும்

முதல் வாரமே நான் சண்டைக்குப் போனேன். தமிழில் சொல் நான்கு வகை. பெயர், வினை, இடை, உரி. எத்தனையோ நூற்றாண்டாக இந்த நான்கை வைத்துக்கொண்டு காதலையும் சண்டையையும் கடவுளையும் பேசியிருக்கிறோம். இவர்களுக்கு மட்டும் எதற்கு எட்டு?

“பெயருக்குப் பதிலா வர்றது ப்ரோநவுன்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க. ஏன், அதுவும் பெயர்தானே?” என்றேன்.

“பெயர்தான் மேடம்” என்றாள் கவிதா.

“அப்பறம் எதுக்குத் தனிக் குடித்தனம்?”

வகுப்பே சிரித்தது. கவிதாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “மேடம், நீங்க உங்க வீட்டுச் சாவிய எடுத்துட்டு வந்து அடுத்த வீட்டப் பூட்டப் பாக்குறீங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

ப்ரெபொசிஷன் வந்தபோது மறுபடியும் முரண்டு பிடித்தேன். நம் மொழியில் ‘வீட்டில்’ என்றால் அந்த ‘இல்’ பின்னால் அடக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். அவர்கள் மொழியில் அது கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் மாதிரி முன்னால் நடந்து போகிறது.

அட்ஜெக்டிவ் என்ற வகையைத்தான் என்னால் எங்கேயும் அடைக்க முடியவில்லை. பெயருக்கு முன்னால் நின்று அதை விவரிக்கிற சொல் என்றாள் கவிதா. கொஞ்சம் நம் உரிச்சொல் மாதிரி இருந்தது. கொஞ்சம் பெயரெச்சம் மாதிரியும் இருந்தது. பெயரெச்சம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான், மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். ‘படித்த பெண்’ என்பதில் வருகிற ‘படித்த’. வினையில் பிறந்த சொல், ஆனால் முற்றுப் பெறாமல், சேர்ந்துகொள்ள ஒரு பெயரைத் தேடிப் போகும்.

“நம்ம மும்தாஜ் பொண்ணுங்க மாதிரியா டீச்சர்? பொறந்தது ஒரு வூடு, போறது ஒரு வூடு?” என்று கேட்டாள் ஜெயந்தி. மெடிக்கல் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண் அவள். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இப்படி ஓர் உதாரணம் எனக்குத் தோன்றியதில்லை.

பண்ணு

மும்தாஜுக்குச் சிக்கல் வெர்ப்பில் வந்தது. அவளுக்கு மட்டுமா, நம் அத்தனை பேருக்கும் உள்ள சிக்கல் அது.

தினமும் நீங்கள் செய்கிற வேலைகளைச் சொல்லுங்கள் என்றாள் கவிதா. மும்தாஜ் எழுந்து, தைரியமாகச் சொன்னாள். “ஐ டூ குக். ஐ டூ வாஷ். ஐ டூ அயர்ன்.” கடைசியில், “ஐ டூ வெயிட் மை ஹஸ்பண்ட்.”

கவிதா சிரிக்கவில்லை. பலகையில் ‘பண்ணு’ என்று தமிழில் பெரிதாக எழுதினாள்.

“நாம இங்கிலீஷ் வெர்ப்ப வெர்ப்பாவே நடத்துறதில்ல. வெயிட் பண்ணு, கால் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பண்ணு ஒட்டி, அதப் பெயர்ச்சொல்லா ஆக்கிடுறோம். அந்தப் பண்ணுவத்தான் அக்கா டூன்னு இங்கிலீஷுக்குக் கொண்டு போறாங்க. அங்க அது தேவையில்ல. வெயிட்டுக்குள்ளயே பண்ணு இருக்கு.”

“அப்ப வெயிட் மட்டும் போதுமா மிஸ்? பண்ண வேணாமா?”

“வேணாங்க்கா.”

“நல்லதாப் போச்சு. இத்தன வருசமா பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான மறு மாதமே விமானம் ஏறியவர் ரஃபீக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், பெட்டியைத் திறப்பார், பெட்டியை மூடுவார். பிள்ளைகள் வளர்ந்ததை அவர் போனில்தான் பார்த்தார். மும்தாஜ் இதையெல்லாம் குறையாகச் சொல்ல மாட்டாள். அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான்.

ஜெயந்தி அன்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ‘பண்ணு’ ஒட்டினால் அது இங்கிலீஷில் வெர்ப். ஒட்டாவிட்டால் வெர்ப் இல்லை. டேபிள் பண்ணு என்று யாரும் சொல்வதில்லை, ஆக டேபிள் நவுன். வகுப்புக்கே சந்தோஷம். நான்தான் கெடுத்தேன். “டிபன் பண்ணு, ஆபரேஷன் பண்ணு, ஆக்சிடென்ட் பண்ணிட்டான். இதெல்லாம் என்ன?” என்றேன். எல்லோரும் என்னை முறைத்தார்கள். என் மாணவர்கள் முறைத்த அதே முறைப்பு.

அப்போதுதான் கவிதா அந்த வழியைச் சொன்னாள். அவள் பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் நிலம் உண்டு.

“எங்க வயல்ல காலையில நாத்து பறிக்கிற ஆளுங்களே மத்தியானம் நடவு நடுவாங்க. காலையில பாத்தா நாத்துப் பறி ஆளு, மத்தியானம் பாத்தா நடவு ஆளு. ஆளு ஒண்ணுதான். வார்த்தையும் அப்படித்தான். புக்குனா புஸ்தகம், நவுன். டிக்கெட் புக் பண்றோம், அங்க வெர்ப். அதனால இது என்ன வகைன்னு கேக்காதீங்க. இங்க இதுக்கு என்ன வேலைன்னு கேளுங்க.”

அன்றிலிருந்து அதுதான் வகுப்பின் பேச்சு. ஒரு வாக்கியத்தை எழுதுவாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போடுவாள். ‘இதுக்கு இங்க என்ன வேல?’ என்று கேட்பாள். தாமதமாக வருகிறவர்களையும் நாங்கள் அப்படித்தான் கேட்க ஆரம்பித்தோம்.

சாக்பீஸ்

இப்போது மும்தாஜிடம் திரும்பிப் போகலாம்.

கவிதா அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்துப் பார்த்தாள். மணியே போகவில்லை. ரஃபீக்கின் எண் ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தாள், மறுபடியும் அதே. வெள்ளிக்கிழமை ரஃபீக் ஊருக்கு வருவதாக இருந்தது. டிக்கெட் போட்டாகிவிட்டது. கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தாள் மும்தாஜ். அன்று காலையில்கூட விரலில் பெயிண்ட் போகவில்லை என்று என்னிடம் காட்டினாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தவறிட்டார், காலமானார், மவுத்தாயிட்டாங்க என்று அந்த ஒரு சங்கதிக்கு நம்மிடம் எத்தனை சொற்கள். ஒன்றுகூட என் வாய்க்கு வர மறுத்தது. வராததே நல்லது.

“பாஸ்போர்ட்டுன்னு சொன்னாரே” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

“அதத்தான் கேப்பாங்க” என்றாள் மும்தாஜ். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. “எங்க தெருவுல ஒருத்தவங்க அங்கயே மவுத்தானப்ப மொத போனுல பாஸ்போர்ட்டத்தான் கேட்டாங்க. அது இருந்தாத்தான் அனுப்பி வைப்பாங்களாம்.”

கீழே கடையில் யாரோ சேலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயந்திதான் வாயைத் திறந்தாள். யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. “எங்க கடையில மாத்திரைக்குத்தானே எக்ஸ்பயர்னு சொல்லுவோம். ஆளுக்கா சொல்லுவோம்?”

மும்தாஜ் நிமிர்ந்தாள். என் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, பலகைக்குப் போனாள். அங்கே கவிதா எழுதி வைத்திருந்த அய்யய்யோவையும் அடியாத்தியையும் முந்தானையாலேயே துடைத்தாள். சாக்பீஸை எடுத்தாள். இங்கிலீஷில் எழுத்துக்கூட்ட வராது என்பதால் தமிழிலேயே எழுதினாள்.

ரஃபீக் எக்ஸ்பயர்ட் பாஸ்போர்ட்.

மூன்று சொல்லுக்கும் கீழே கோடு போட்டாள். “ரஃபீக், நவுன்” என்றாள். எழுதினாள். “பாஸ்போர்ட், நவுன்.” எழுதினாள். நடுக்கோடு காலியாக இருந்தது.

“மிஸ், நடுவுல உள்ளது வெர்ப்புனா, பாஸ்போர்ட்டுக்கு இங்க என்ன வேல?”

கவிதாவின் முகம் வெளுத்திருந்தது. சின்னப் பெண். அவளுடைய படிப்பில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. “அக்கா, அந்த ஆளு கிராமர் படிச்சுட்டுப் பேசலக்கா. வாயில வந்தத வந்த மாதிரி சொல்லியிருப்பாரு. அத வச்சு நாம...” என்று நிறுத்தினாள். பொய் நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்று பயந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போன நிமிடம் அதுதான்.

“இல்ல மிஸ்” என்றாள் மும்தாஜ். “இங்கிலீஷ் வராதவங்க ஒரு வார்த்தையக்கூட வேஸ்ட் பண்ண மாட்டாங்க. நம்மளயே பாருங்க. மூணு வார்த்த பேச மூணு நாழி யோசிக்கிறோம். அவரும் நம்மள மாதிரிதான பேசுனாரு? பாஸ்போர்ட்டுன்னு சொன்னாருன்னா அதுக்கு ஒரு வேல இருக்கும். இல்லாம சொல்ல மாட்டாரு.”

கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மும்தாஜும் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க டீச்சர்.”

பலகையில் இருந்ததை நான் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். மனிதருக்குக் ‘காலமானார்’ என்கிறோம். பொருளுக்குக் ‘காலாவதி’ என்கிறோம். இரண்டிலும் இருப்பது காலம்தான், ஆனால் ஒன்றுக்காக மற்றொன்றை நம் ஊரில் சின்னப் பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. இங்கிலீஷ்காரன் இரண்டு ஆளுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டிருக்கிறான். காலாவதியான பாஸ்போர்ட். காலாவதியான.

“பெயரெச்சம்” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “அந்தச் சொல்லு ரஃபீக்கோட சேரல மும்தாஜ். பின்னால நிக்குற பாஸ்போர்ட்டோட சேருது. தேதி முடிஞ்ச பாஸ்போர்ட். அதனாலதான் வெள்ளிக்கிழமை வரலன்னு சொல்றாரு.”

“அட்ஜெக்டிவ்” என்றாள் கவிதா, மூச்சு விட்ட மாதிரி.

மும்தாஜ் நடுக்கோட்டின் கீழே அட்ஜெக்டிவ் என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அந்த மனிதர் ‘ரஃபீக் எக்ஸ்பயர்ட்’ என்று நிறுத்திவிட்டு, ‘பாஸ்போர்ட்’ என்று புதிதாக ஆரம்பித்திருந்தால்? பேச்சில் முற்றுப்புள்ளி யார் கண்ணுக்குத் தெரிகிறது? இலக்கணம் நடத்திய காலத்தில் எச்சம் என்றால் மீதி இருப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அந்த மாடியில் எங்களிடம் மீதி இருந்தது அந்த ஓர் எச்சம்தான்.

“வீட்டுக்குச் சொல்லணுமாக்கா?” என்று கேட்டாள் கவிதா.

“வேணாம் மிஸ். இப்ப சொன்னா எங்க மாமியார் வூட்டுல எல்லாரும் அத வெர்ப்பாவே எடுத்துக்குவாங்க.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“நாங்க கூட வர்றோம்க்கா. உங்க வீட்டுக்குப் போயிடலாமா?” என்றாள் கவிதா.

மும்தாஜ் போனைப் பலகைக்குக் கீழே இருந்த மேஜைமேல் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தாள். “இல்ல மிஸ்” என்றாள். “ஐ வெயிட்.”

பண்ணு இல்லாமல், டூ இல்லாமல், சரியாகச் சொன்னாள். யாரும் பாராட்டவில்லை.

எட்டாவது வகை

ஒருவரும் கிளம்பவில்லை. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம் தாண்டியது. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். மும்தாஜ் மூலையில் துப்பட்டாவை விரித்துத் தொழுதாள். நாங்கள் பெஞ்சுகளை நகர்த்தி இடம் விட்டோம். ஜெயந்தி கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

அவள் தொழுது எழுந்து உட்கார்ந்த பிறகு போன் அடித்தது. அதே வெளிநாட்டு எண்.

அவள் எடுக்கவில்லை. கை நீண்டது, தொடவில்லை. நான்தான் பச்சையை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

“மும்தாஜு? நாந்தான்.”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என் போனு தண்ணித் தொட்டியில வுழுந்துடுச்சு. அதான் இந்தத் தம்பி போனுலேந்து பேசுறேன். நம்ம ரூம்ல இருக்க நேபாளத்துத் தம்பி. அதுகிட்டச் சொல்லச் சொன்னனே, சொல்லுச்சா? பாஸ்போர்ட்டு தேதி முடிஞ்சுபோச்சும்மா. கம்பெனில வாங்கி வச்சிருந்ததுல பாக்காம வுட்டுட்டேன். இப்பப் புதுசுக்கு எழுதிக் குடுத்துட்டு வர்றேன். வெள்ளிக்கிழம வர முடியாது. ஹலோ? கேக்குதா?”

“கேக்குது.”

“ஏன் ஒரு மாதிரி பேசுற? கோவமா?”

அப்போதுதான் அது வந்தது. “யா அல்லாஹ்” என்றாள். மதியம் வகுப்பில் சொன்ன மாதிரி இழுக்கவில்லை. சின்னதாக, உடைந்து வந்தது. பிறகு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஜெயந்தி அழுதாள். கவிதா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அழுதேன், மூக்கைச் சிந்தி, நன்றாகவே அழுதேன்.

போனில் ரஃபீக் பதறிக்கொண்டிருந்தார். “ஏம்புள்ள அழுவுற? ஒரு மாசத்துல வந்துடுவேன். இதுக்குப் போயி யாராச்சும் இப்படி அழுவாங்களா? சுத்தி யாரு அழுவுறது? எங்க இருக்க நீ?”

பலகையில் இருந்த அட்ஜெக்டிவை அன்று யாரும் அழிக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு நாங்கள் போனபோதும் அது இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மௌமிதா போன் செய்தபோது அடுப்படிக்கு ஓடவில்லை. கணவர் கையை நீட்டினார், தட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இந்தக் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். பாதி வெர்ப் தப்பாக இருந்திருக்கும். பண்ணுகூட ஒன்றிரண்டு விழுந்திருக்கலாம். கடைசியில் அவள் ‘ஓ மை காட், மா’ என்றாள். எந்த இடத்தில் சொல்ல வேண்டுமோ அந்த இடத்தில் சொன்னாள். என் கதை ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு மாதம் என்றவர் வந்து சேரத் தீபாவளி தாண்டிவிட்டது. அடைமழை. வாய்க்கால் நிறையத் தண்ணீர், சம்பா பயிர் பச்சைப் பசேலென்று நின்ற நேரம். ஒரு சாயங்காலம் வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரே குடையின் கீழே இரண்டு பேர். மும்தாஜ் கையில் பேரீச்சம்பழ டப்பா. பக்கத்தில் ஒல்லியாக, தலை நரைத்து, பாதி தோள் நனைந்து ஒருவர் நின்றுகொண்டிருந்தார். போனில் கேட்ட குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட உயரம் குறைவு.

“டீச்சர்” என்றாள் மும்தாஜ். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு. “இவங்கதான் அந்த நவுனு.”

அவர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஊருக்கு வந்ததுலேந்து இதையேதான் சொல்லுதுங்க. நவுனுன்னா என்னங்க அர்த்தம்?”

“உள்ள வாங்க தம்பி, நனையிறீங்க” என்றேன். “ஆளு இருக்காருன்னு அர்த்தம்.”